ஜன்னலுக்கு வெளியே படகு

இது பிரவீனா சொல்லி நான் கேட்ட கதை. அது நடந்தபோது நான் அங்கே இல்லை.

மலேசியாவின் குளுவாங் நகரில் உள்ள ஒரு பயண முகவர் அலுவலகத்தில் பிரவீனா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் முடிய நான்கு நாள்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் போகும். சொந்த ஊரான பெக்கான் நானாஸில் அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். “எம் மகளுக்கு ஆபீஸ் வேலை” என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை உல்லாசக் கப்பலின் அறை வரைபடத்தைத் திறந்தவள் ஓர் எண்ணின் மேல் விரலை வைத்து நிறுத்தினாள்.

ஆறாவது தளம், அறை 6218. எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பளவில் ஒரு முக்கோணம்.

அந்த முக்கோணம் இருந்தால் ஜன்னலுக்கு நேர் வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும். கடல் தெரியாது, படகின் முதுகுதான் தெரியும். பதிவு செய்த அன்று அது அவள் கண்ணில் படவில்லை.

அந்த அறையை அவள் கொடுத்திருந்தது ரெங்கம் என்ற ஊரிலிருந்து வந்த ஜெயபாலனுக்கு. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போலிருக்கும்.

“நாப்பது வருசமா எம் பொண்டாட்டி தோட்டத்துல செம்பனை மரத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. திரையைத் தள்ளுனா கடல்தான் தெரியணும். வேற ஒண்ணும் தெரியக் கூடாது. விளங்குதா?” என்று அன்றைக்கு மேசையைத் தட்டினார்.

அவர் மனைவி தனலெட்சுமி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிரவீனாவின் அம்மா வங்கிக்குப் போனால் அப்படித்தான் உட்காருவார்.

பிரவீனா மேலாளர் ரோலண்டிடம் ஓடினாள்.

“பாஸ், எட்டாவது தளத்துல ஓர் அறை காலியா இருக்கு. ஜன்னல் பூரா கடல்தான். மாத்திடலாமா?”

“மாத்தணும்னா பாரத்துல பயணி கையெழுத்துப் போடணும். யார் தப்புன்னு எழுதணும். உன் பேரு தலைமை அலுவலகத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை என்னான்னு ஞாபகம் இருக்கா?”

“அவங்க கேட்டா பாஸ்?”

“கப்பல் கெளம்புனப்புறம் யார்கிட்டலா கேப்பாங்க? வாயை மூடிக்கிட்டு இரு.”

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத் தொலைபேசி அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது.

புதன்கிழமை இருவரும் டிக்கெட் வாங்க வந்தார்கள். பிரவீனா டிக்கெட்டையும் அறை மாற்றும் பாரத்தையும் அடுத்தடுத்து வைத்தாள்.

“அங்கிள்... தப்பு என்னுதுதான். இந்த அறையில கடல் தெரியாது. உயிர்காப்புப் படகு மறைச்சுக்கும். வேற அறை இருக்கு, நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டா...”

“அலமாக்! படிச்ச பிள்ளைதானே நீ?” ஜெயபாலன் எழுந்தே விட்டார். “தோட்டத்து ஆளுங்கதானே, எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவாங்கன்னு நெனச்சிட்டியா? கூப்பிடு உன் பாஸை!”

ரோலண்டின் அறைக்கதவு ஒரு விரற்கடை திறந்தது. அவ்வளவு குளிர்சாதனம் ஓடியும் ஜெயபாலன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அந்தப் படகு எவ்ளோ பெருசும்மா?”

தனலெட்சுமி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“நூத்தம்பது பேர் உக்காரலாம் ஆண்டி.”

“ஜன்னலுக்குக் கிட்டத்துலயா?”

“ரொம்பக் கிட்டத்துல.”

தனலெட்சுமி ஒரு கணம் கணவரைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் பாரத்தைப் பிரவீனாவின் பக்கமே தள்ளினார்.

“இந்த அறையே இருக்கட்டும். எனக்குத் தண்ணின்னா பயம். படகு கண்ணு முன்னாடி இருந்தாத்தான் தூக்கம் வரும்.”

ஜெயபாலனின் கைக்குட்டை பாதியில் நின்றது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டுப் போனா இதான் தொல்லை” என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டிருந்தது. “சரி, அவ பயப்படுறா, என்னா செய்யிறது? படகு ரூமையே குடு.”

பாரம் குப்பைக்கூடைக்குப் போனது. வெள்ளிக்கிழமை பிரவீனாவின் வேலை நிரந்தரமானது. “நான்தான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு” என்று ரோலண்ட் தோளைக் குலுக்கினார்.

பயணம் முடிந்ததும் இருவரும் வந்தார்கள். கப்பல் படம் போட்ட சாவிக்கொத்து ஒன்று பிரவீனாவுக்கு.

“ரெண்டு ராத்திரியும் திரையை மூடவே விடல இவ” என்று ஜெயபாலன் அலுவலகமே கேட்கச் சிரித்தார். “படகைப் பாத்துக்கிட்டேதான் தூங்குனா. நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டே கெடந்தேன். சரியான பயந்தாங்கொள்ளி!”

“ஆமாம்மா. இவரு மட்டும் இல்லன்னா நான் அந்தக் கப்பல் படியிலயே கால் வெச்சிருக்க மாட்டேன்” என்று தனலெட்சுமி தலையைக் குனிந்து சிரித்தார்.

இதை என்னிடம் சொல்லி முடித்த பிறகும் பிரவீனா, “பாவம் அந்த ஆண்டி. எப்படித்தான் அந்த மனுசனோட காலம் தள்ளுறாங்களோ” என்றாள்.

ரெங்கத்துக்காரர் ஒருவர் அந்தத் தம்பதியைப் பற்றி வேறு மாதிரிச் சொன்னார். காதில் விழுந்ததை அப்படியே எழுத எனக்குப் பயம். நூலகத்துக்குப் போய் அவர் சொன்ன வருடத்துப் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன்.

2007 ஜனவரி. காஹாங் வெள்ளச் செய்திகளுக்குக் கீழே, மூலையில் சின்னதாக இருந்தது: “லாரியின் கூரைமேல் சிக்கி நடுங்கிக்கொண்டிருந்த ரெங்கம் ஓட்டுநர் ஜெயபாலனை, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திச் சென்று கரை சேர்த்தார் அவர் மனைவி தனலெட்சுமி.”