எழுநூற்று இருபது குதிரை சக்தி

“காரு எங்கண்ணே? காரைக் கொண்டு வராம இன்ஜினை மட்டும் எறக்கிவச்சா, நான் இதை எம் மடியிலயா மாட்டிக்கிறது?”

தேனி பைபாஸில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் வைகுண்டராஜ் மூன்று நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அனுமந்தன்பட்டிக்காரரான லிங்கேஸ்வரனும் மூன்று நாளாக, மடித்துக் கட்டிய வேட்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறை நடுவில் ஒரு பெரிய மரப்பெட்டி பிரித்துக் கிடந்தது. உள்ளே அமெரிக்காவிலிருந்து வந்த புத்தம்புது இன்ஜின். எட்டு சிலிண்டர், ஒன்பது லிட்டருக்கு மேல், எழுநூற்று இருபது குதிரை சக்தி. மேகமலை எஸ்டேட் முதலாளியின் மகன் பந்தயக் கார் கட்டுகிறேன் பேர்வழி என்று வரவழைத்துவிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் வெளிநாடு போய்விட்டானாம். ஷெட்டை அடைத்துக்கொண்டு கிடந்த சனியன் தொலைந்தால் சரியென்று முதலாளி, வருடா வருடம் தனக்கு எரு கொண்டுவரும் லிங்கேஸ்வரன் தலையில் அதைக் கட்டிவிட்டார்.

வைகுண்டராஜின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. போன வருடம் போடிக்காரப் பையன் ஒருவன் கெஞ்சினானே என்று பழைய ஜீப்பில் பெரிய இன்ஜினை ஏற்றிக் கொடுத்தான். ஜீப் மலை வளைவில் உருண்டு, பையன் மூன்று மாதம் படுத்த படுக்கை. அவனைப் பெற்றவள் பட்டறை வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். இனி எந்தத் தாயையும் இந்த வாசலில் அப்படி நிற்கவிடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தான்.

அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டான். இந்தக் கனத்தைத் தாங்குகிற சேஸிஸ் இருக்கிறதா? அதைப்பற்றிக் கவலைப்படாதே என்றார். கியர்பாக்ஸ்? தேவையில்லை என்றார். சைலன்சரை மட்டும் வைத்துவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். முழுசாக முறுக்கினால் தரை அதிருமா என்பதை நாலு தடவை கேட்டார்.

“பெட்ரோலை அருவி மாதிரி குடிக்கும்ணே.”

“காலையில பத்து நிமிசம், சாயந்தரம் பத்து நிமிசம் ஓடுனாப் போதும் தம்பி.”

“சரி, பிரேக்கு?”

“அது எங் கையிலயே இருக்கு.”

வைகுண்டராஜ் ஸ்பானரை மேசையில் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எதற்குத்தான் இவ்வளவும் என்று துருவியதில், அடுத்த மாதம் பந்தயம் என்று சொன்னார். போன வருடமும் கலந்துகொண்டாராம். கொடி அசைத்த நேரம் பார்த்துப் பின்னால் எவனோ பைக் சைலன்சரைக் கழற்றிவிட்டு உறும விட்டிருக்கிறான். அந்தச் சத்தத்தில் இவர் ரோட்டை விட்டு விலகி, நேராகப் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் போய்விட்டார்.

“எம் மச்சினரு அன்னையிலருந்து வாரம் ஒரு சீப்பு வாழப்பழம் குடுத்து விடுறாக தம்பி. இந்த வருசமும் தோத்தேன்னா, தாரே வரும்.”

கொடி அசைத்த இடத்திலேயே ரோட்டைத் தவறவிட்டவருக்கு எழுநூற்று இருபது குதிரை சக்தி. வைகுண்டராஜுக்குத் தலை சுற்றியது.

“ஏண்ணே, இது வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?”

“யோசனையே அவளோடதுதான்.”

குடும்பமே இப்படி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். இரும்பு ஸ்டாண்டு அடித்து, ரேடியேட்டரும் பேட்டரியும் இணைத்து, நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி செய்து தருவான். அவ்வளவுதான். எந்தக் காரிலும் ஏற்ற மாட்டான். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டான்.

“பந்தயத்துக்குப் போற வண்டியை நான் கண்ணால பாக்கணும். பாத்து, அதோட சாவியைக் கையோட வாங்கிட்டுப் போயிருவேன். சரியா?”

“தாராளமா வந்து பாரு,” என்றார் லிங்கேஸ்வரன்.

அடுத்த வாரம் அனுமந்தன்பட்டித் தோட்டத்தில், தென்னைகளுக்கு நடுவே இருந்த தகர ஷெட்டில் ஸ்டாண்டை இறக்கித் தரையோடு சேர்த்து முடுக்கினான். காரைத் தேடிக் கண்ணை ஓட்டினான். ஒரு சக்கரம்கூடத் தென்படவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் நிற்கிறது, முதலில் இதைக் கிளப்பு என்றார் லிங்கேஸ்வரன்.

கிளப்பினான். கூரைத் தகரம் படபடத்தது. தென்னைகளில் இருந்த கிளிகள் மொத்தமும் கலைந்து பறந்தன. அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. தொழில்காரன் அல்லவா, ஒரு நொடி அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. லிங்கேஸ்வரனோ இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரைவரை எட்டாத பின்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவருக்கு மேலே அவர் மனைவி மாயக்காளின் கை மட்டும் உயர்ந்து, இன்னும் முறுக்கு என்று ஆடியது.

முறுக்கினான். கை மறுபடியும் ஆடியது. இன்னும் முறுக்கினான். மறுபடியும் ஆடியது.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. இன்ஜினை அணைத்தான். அந்தக் காரின் சாவியைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை என்று வேகமாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனான்.

அங்கே பந்தய வண்டியின் நுகத்தடியில் பூட்டியிருந்த இரண்டு காளைகள் பருத்திக்கொட்டையை மென்றபடி அவனைச் சாவகாசமாக நிமிர்ந்து பார்த்தன.

“மொதல்ல ஸ்பீக்கருலதான் போட்டுப் பாத்தோம் தம்பி,” என்றாள் மாயக்காள், கையிலிருந்த பிடிகயிற்றைத் தளர்த்தியபடி. “நெசச் சத்தம் இல்லேன்னு ரெண்டும் கண்டுபிடிச்சிருச்சுக.”