வெளிச்சத்தின் குரல்
ஹட்டனில் பின்னேர மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, ஸுலைஹா புது டீவிக்குப் பின்னால் முழங்காலிட்டு இருக்கிறாள். டீவி சத்தத்தை வெளிச்சமாக மட்டுமே வெளியே விடும். அவளுடைய பழைய ஆம்ப்ளிஃபயருக்கோ செப்புக் கம்பி வழியாகத்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தரகராக, ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுக்கும் தீப்பெட்டியளவு டப்பா பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தரகு படியவில்லை; ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கிறது. “நான் பிளேன்டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் தங்கச்சி. அதுக்குள்ள பேசலன்னா ஆம்ப்ளிஃபயர் எனக்கு, அதுதானே பேச்சு?” என்று அண்ணன் அஃப்ஹம் கோப்பையை ஆட்டிக் காட்டுகிறான். இரண்டு மடக்குதான் மிச்சம். “ஆறவிட்டுக் குடிங்க நானா, நாக்கு வெந்துரும்,” என்றபடி அவள், டீவியின் வெளிச்சத்தைக் கொண்டுவரும் வயரை டப்பாவிலிருந்து உருவுகிறாள். உள்ளங்கையில் சிவப்புப் பொட்டாக வெளிச்சம் விழுகிறது. அப்படியானால் டீவியில் குறையில்லை. முனையைத் தடவினால் கண்ணாடி போல ஒரு குட்டி மூடி. கடைக்காரக் கணவன் மஃறூப் வீட்டில் எதற்கும் உறை கழற்ற விடமாட்டான். ரிமோட்டுக்குக்கூட பொலித்தீன்தான், பிறகு புதுசென்று விற்கலாமாம். “அதக் கழட்டாதீங்க, பழசாகிரும்,” என்று பக்கத்தில் நின்று பதறுகிறான் அவன். அவள் பல்லால் கடித்து இழுத்துத் துப்புகிறாள். வயர் இந்த முறை டக்கென்று உட்காருகிறது. கிரிக்கெட் வர்ணனை அறையை நிறைத்து மழையை அமுக்க, அலுமாரிப் பீங்கான்கள் கிணுகிணுக்கின்றன. “கொஞ்சம் குறைங்க, காது போகுது,” என்கிறான் அஃப்ஹம், கடைசி மடக்கு இன்னும் கோப்பையில் மிச்சமிருக்க. ஸுலைஹா எழுந்து போய், நிதானமாக இன்னும் கூட்டுகிறாள்.