பத்தடி அறைக்குள் வெட்டவெளி

விண்கப்பலிலேயே பிறந்து வளர்ந்தவன் வழுதி. எந்தப் பக்கம் நடந்தாலும் நாற்பது அடியில் சுவர் வந்துவிடும். நாளை புதிய கோளில் முதலில் இறங்கப்போவது அவன்தான். சுவரில்லாத இடத்தை நினைத்தாலே அவனுக்கு மூச்சு முட்டியது.

கப்பலின் மாய அறையில் காட்சிகளை அமைப்பவள், அவனைப் போலவே அங்கேயே பிறந்த பொற்கொடி. அவனுக்காக அந்தப் பத்தடி அறைக்குள் ஒரு வெட்டவெளியை எழுப்பினாள். உள்ளே வந்ததும் அவன் கண்களை மூடி அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

“எங்க முடியுது?”

“எனக்கும் தெரியல. நடந்து பாரு.”

காற்றில் அவன் சட்டை உப்பியது. மெல்லக் கண் திறந்தான்.

“இவ்வளவும் நீ செஞ்சதா?”

“புல்லும் வானமும்தான் நான் வெச்சேன். தூரம் தானா வந்துச்சு.”

அவன் கையை விட்டான். நடந்தான், பிறகு ஓடினான். ஒரு மனிதன் தூரத்தில் விரல்நுனி அளவுக்குச் சிறுத்துப்போவதைப் பொற்கொடி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.