கழுத்தில் தொங்கும் விசில்

நிரோஜினி மாணவர் தலைவியானபோது பள்ளிக்கூட அதிபர் அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார். விமானச் சத்தம் கேட்டாலும் அவள் ஊதாமல் யாரும் பதுங்குகுழிக்கு ஓடக்கூடாது. சட்டம் போட்டவர் அவர்தான். போன கிழமை, உயரத்தில் சும்மா கடந்துபோன ஒரு விமானத்துக்கு அவள் ஊதிவிட்டாள். நெரிசலில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கை முறிந்தது. “இனி வடிவாய்க் கேட்டுப்போட்டு ஊதும், பிள்ளை,” என்றார் அதிபர்.

இன்று காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாதியில் இருக்கும்போது தெற்கே அந்த இரைச்சல் எழுந்தது. பாட்டு தானாக நின்றது. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். விசில் உதடுகளுக்கு நடுவே இருந்தது. மூச்சு விட்டாலே ஒலித்துவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இரைச்சல் நெருங்குகிறதா, விலகுகிறதா? முன்வரிசையில், கையில் கட்டுப் போட்டிருந்த அந்தச் சிறுமி மெல்லக் கேட்டாள்: “ஓடவோ அக்கா?”

நிரோஜினி அதிபரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு காலைப் பதுங்குகுழிப் பக்கம் எடுத்து வைத்துவிட்டு, அவளுடைய விசிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.