வராந்தாவில் ஒரு நாற்காலி

பள்ளி திறக்கிற முதல் நாள். இந்தப் பள்ளியில் டீச்சரின் நாற்காலியை எங்கே போடுவதென்று புதிதாகச் சேர்கிற பிள்ளைதான் முடிவு செய்யும். மூன்று பள்ளிக்கூடங்கள் வேண்டாமென்று அனுப்பிவிட்ட சிறுமி, உதட்டைக் கடித்துக்கொண்டு, நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய் வெயில் கொளுத்துகிற வராந்தாவில் போடுகிறாள். "எப்பவும் என்னைத்தான் வெளியே நிறுத்துவாங்க. இப்ப நீங்க போங்க." உள்ளே பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். சேர்க்கக் கூட்டிவந்த அப்பாவின் முகம் சுண்டிப்போகிறது, பாவம். "நாலு போடுங்க டீச்சர். முடியாதுன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று மகளின் கையைப் பிடிக்கிறார். டீச்சர் குறுக்கே வந்து நிற்கிறாள். "கையை விடுங்க சார். இங்க அடிக்கிறதும் இல்ல, அனுப்புறதும் இல்ல. சாயங்காலம் வாங்க." அவர் பிடி மெல்லத் தளர்கிறது. டீச்சர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து, நெற்றியில் வெயில் விழ, கணீரென்று பாடத்தைத் தொடங்குகிறாள். சிறுமி ஒரு கதவைக் காலால் தள்ளிச் சாத்துகிறாள். குரல் இன்னும் உயர்கிறது. மிச்சமிருக்கிற கதவைப் பிடித்தபடி சிறுமி எட்டிப்பார்க்கிறாள். "இதையும் சாத்தட்டுமா?"

"சாத்து கண்ணு. என் தொண்டையைப் பத்தி உனக்கு இன்னும் தெரியாது."