தளை தட்டாத நான்கு அடிகள்

செல்வராணி தன் மகளின் கல்லறைக்கு எழுதிய வெண்பாவை இயந்திரம் மூன்றாம் முறையும் திருப்பித் தந்தது. கல்லில் பெயருக்குத் தனி இடமில்லை; ஓர் எண்ணும் நான்கு அடிகளும்தான் அனுமதி. அந்த அடிகளை மனிதர் எழுதியிருக்க வேண்டும்; அதைச் சோதிப்பதுதான் இயந்திரத்தின் வேலை.

“எங்கயுமே தளை தட்டலியே. மனுஷங்க எழுதுனா எங்கயாவது தட்டும்லா?” என்றாள் கல்லறை அலுவலகத்துப் பியூலா.

“முப்பது வருஷம் யாப்பு நடத்துனவ, பிள்ள. எனக்குத் தட்டாது.”

“நான் நம்புதேன் டீச்சர். மிசின் நம்பணுமே.”

பியூலா திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாம் அடியின் தொடக்கத்தில் சிவப்பு வட்டம் இருந்தது. அங்கே எதுகையில் சரியாக விழுந்திருந்தது மகளின் பெயர்.

“ஒரு பேரு இவ்வளவு கச்சிதமா அமையாதாம். அதை மாத்துங்க, இப்பமே முத்திரை விழும்.”

செல்வராணி வேறு இரண்டு இடங்களில் வேண்டுமென்றே தளையைக் கெடுத்துப் பார்த்தாள். வட்டம் நகரவில்லை. கடைசியில் ‘ஜெனோவா’ என்பதை அடித்துவிட்டு ‘மகள்’ என்று எழுதினாள். எதுகை போயிற்று.

‘மனிதர் எழுதியது’ என்று முத்திரை விழுந்தது.

பியூலா பாட்டை ஒருமுறை வாசித்தாள்.

“நல்லாருக்கு டீச்சர். இனி யாரு கல்லுலயும் போடலாம்.”