யாரும் தொடாத பந்து

நகுமோ வாசலில் காலணியைக் கழற்றுவதற்குள் மனைவி சிஹோ கேட்டுவிட்டாள்: "ஏங்க, என்ன ஆச்சு?"

பழைய பேஸ்பால் அணி அவனைக் கழற்றிவிட்ட பிறகு, சென்டாய் நகரில் இன்று இன்னொரு அணியின் தேர்வு. இதுவும் போனால், பந்தெறிந்த கை மாமனார் கடையில் மீன் செதில் சீவ வேண்டியதுதான்.

"மூணு பேர் மட்டையோட வந்தாங்க. ஒருத்தனாலயும் என் பந்தைத் தொட முடியல."

"அப்போ வேலை கிடைச்சாச்சு!"

"கிடைக்கல. மேட்ச்ல எறியறதுக்கு இல்ல சிஹோ. பயிற்சியில அவங்க ஆளுங்க அடிச்சுப் பழக, தோதாப் போட்டுத் தர்ற ஆள்தான் வேணுமாம்."

"அது தெரிஞ்சுதான் போனீங்களா?"

"மெதுவாத்தான் போட நினைச்சேன். கை கேக்கல. உங்கப்பாகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லிடு."

சிஹோவின் குரல் உடைந்தது.

"பத்து வருஷமா கண்டவனும் அடிச்ச பந்துங்க அது! இன்னிக்கு ஒரு நாள் அடி வாங்கக் கூடாதா?"